அம்மா குண்டா இருந்தா பிள்ளைக்கு ஏடிஹெச்டி வருமா?

6 ஜனவரி, காலை 9.10 (கேள்வி)

அக்காங்களா, எனக்கு 34 வயசு, குழந்தைக்கு பிளான் பண்றோம். பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்ளோன்னு சொல்ற கணக்கு) 31. நேத்து ஒரு வீடியோல ஒருத்தர் அடிச்சு சொல்றாரு, கர்ப்பத்துக்கு முன்னாடி அம்மா குண்டா இருந்தா பொறக்கற குழந்தைக்கு ஏடிஹெச்டி (கவனம் நிக்காம, துறுதுறுன்னு இருக்கற பிரச்சனை) வந்துரும், வெயிட்ட குறைக்காம பெத்துக்கறது அந்தக் குழந்தைக்கு பண்ற துரோகம்னு. ராத்திரி முழுக்க தூக்கம் வரல. இது உண்மையா? ஒரு ரெண்டு வருஷம் தள்ளிப் போடட்டுமா?

6 ஜனவரி, இரவு 10.50

துரோகம்ங்கற வார்த்தையப் படிச்சதுல இருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல. என் பெரியவனுக்கு 9 வயசு, 7 வயசுல ஏடிஹெச்டின்னு சொன்னாங்க. அவன் வயித்துல வர்றதுக்கு முன்னாடி நான் 84 கிலோ, உயரம் 160 செமீ, கணக்கு போட்டா பிஎம்ஐ 32.8. நீ இப்ப நிக்கற இடத்துக்கு ஒரு படி மேலயே நின்னவ நான். டாக்டர் இல்ல, நர்ஸ் இல்ல, ஆனா ரெண்டு வருஷமா ராத்திரி ராத்திரியா உக்காந்து இதப் பத்தி வந்த ஆய்வுகள படிச்சிட்டிருக்கேன், புரியாத இடத்த மூணு நாலு தடவ படிச்சிருக்கேன்.

இப்போதைக்கு இது மட்டும் சொல்லிட்டு போறேன் தங்கச்சி. தொடர்பு இருக்கு, அது நிஜம். ஆனா எடைதான் காரணம்னு யாரும் காட்டல. அந்த வீடியோக்காரர் ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டு உன் தலைல வெச்சிட்டாரு. சின்னவ முழிச்சிட்டா, நாளைக்கு வர்றேன்.

7 ஜனவரி, மதியம் 1.15

விவரம் இதான். 2008ல ஸ்வீடன், டென்மார்க், ஃபின்லாந்து மூணு நாட்டுப் பிள்ளைங்க 12,556 பேர வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, பிள்ளைங்க கிளாஸ்ல எப்படி இருக்காங்கன்னு டீச்சருங்க கிட்ட கேட்டு, அத அம்மாவோட கர்ப்பத்துக்கு முந்தின எடையோட பொருத்திப் பாத்தாங்க, எடை கூடின அம்மாங்களோட பிள்ளைங்க கிட்ட கவனக்குறைவும் துறுதுறுப்பும் கொஞ்சம் கூட இருந்துச்சு. அதுக்கப்புறம் நிறைய நாட்டுல இதேதான் வந்துச்சு. அதனால தொடர்பே கிடையாது, எல்லாம் பொய்னு நான் சொல்ல மாட்டேன்.

அதுல பெரிசு 2014ல ஸ்வீடன்ல வந்தது. 1992ல இருந்து 2000க்குள்ள பொறந்த 6,73,632 பிள்ளைங்க. அங்க கர்ப்பத்தோட ஆரம்பத்துல முதல் செக்கப்புக்கு போறப்பவே எடையப் பதிஞ்சு வெச்சிருவாங்க. நார்மல் எடை அம்மாங்களோட ஒப்பிட்டா, பிஎம்ஐ 25ல இருந்து 30க்குள்ள இருந்தவங்களோட பிள்ளைங்களுக்கு ஏடிஹெச்டி வர்ற வாய்ப்பு 1.23 மடங்கு, 30க்கு மேல இருந்தவங்களோட பிள்ளைங்களுக்கு 1.64 மடங்கு.

1.64ன்னு படிச்சதும் எனக்கு வயித்தக் கலக்குச்சு. அப்புறம் பேப்பர்ல எழுதிப் பாத்தேன். ஏடிஹெச்டி உலகம் முழுக்க நூறு பிள்ளைங்கள்ல ஏறக்குறைய 5 பேருக்கு இருக்குன்னு சொல்றாங்க. அத 1.64ஆல பெருக்கினா 8ன்னு வருது. அந்த 8 மொத்தமும் எடையாலதான்னே வெச்சுக்கிட்டாலும் மிச்சம் 92 பிள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்ல. "வந்துரும்"னு அவர் சொன்னதுக்கும் இதுக்கும் எவ்ளோ தூரம் பாரு.

இதோட நிக்கல, அந்த ஆய்வுல அடுத்து அவங்க பண்ண வேலைதான் முக்கியம். ஒரே அம்மா அப்பாவுக்கு பொறந்த பிள்ளைங்கள மட்டும் தனியா எடுத்தாங்க, அதாவது ஒரு கர்ப்பத்தப்ப அம்மா எடை கம்மி, இன்னொரு கர்ப்பத்தப்ப கூட, ஆனா அதே அம்மா, அதே வீடு. எடைதான் காரணம்னா குண்டா இருந்தப்ப பொறந்த பிள்ளைக்குத்தான் கூட வரணும்ல? வரல. 1.23 ங்கறது 0.98 ஆச்சு, 1.64 ங்கறது 1.15 ஆச்சு, அந்த 1.15ம் தற்செயலா வரக்கூடிய அளவுக்குள்ளதான். தொடர்பு காணாமப் போச்சு. கேஸ் முடிஞ்சுது.

8 ஜனவரி, காலை 6.40

ஒண்ணு விட்டுட்டேன். 2011ல இங்கிலாந்துலயும் நெதர்லாந்துலயும் ஒரு குரூப் வேற மாதிரி யோசிச்சாங்க, அம்மா எடைய மட்டும் ஏன் பாக்கணும், அப்பா எடையையும் எடுங்கன்னு. அப்பா வயித்துல பிள்ளை வளரல இல்லையா, அதனால கர்ப்பப்பைக்குள்ள நடக்கற சமாச்சாரம்தான் காரணம்னா அம்மா எடைக்கு மட்டும் தொடர்பு பலமா இருக்கணும். அப்படி உறுதியா ஒண்ணும் கிடைக்கல. ரெண்டு வருஷமா நான் பாக்கற எந்த ஆஸ்பத்திரி ஃபார்ம்லயும் என் வீட்டுக்காரர் எடை என்னன்னு ஒரு கட்டம் கூட இல்ல.

9 ஜனவரி, இரவு 11.30

கீழ ஒருத்தங்க கேட்டிருக்காங்க, "உங்க ரெண்டாவது குழந்தை எப்படி? அப்ப எடை என்ன?"ன்னு. நேரா பதில் சொல்றேன். சின்னவ வர்றதுக்கு முன்னாடி 71 கிலோ, பிஎம்ஐ 27.7. அவளுக்கு இப்ப 5 வயசு. ஒரு பேப்பரும் நாலு கலர் பென்சிலும் குடுத்தா ஒரு மணி நேரம் அசையாம உக்காந்து வரைவா.

ஆமா. எடை கூட இருந்தப்ப வந்தவனுக்கு இருக்கு, குறைஞ்சப்ப வந்தவளுக்கு இல்ல. ஸ்வீடன் கதைய ஊருக்கே சொல்லிட்டு என் வீட்டுக் கதை அந்த வீடியோக்காரர் பக்கம் நிக்குது. இத வெச்சுக்கிட்டுத்தான் ரெண்டு வருஷமா படுக்கறேன் எந்திரிக்கறேன்.

இதுக்கு எனக்குள்ள நானே சொல்லிக்கற பதில்: கூடப்பொறந்த ரெண்டு பேருக்கும் ஜீன் சராசரியா பாதிதான் ஒண்ணா இருக்கும், மிச்சப் பாதி எப்படி வேணா விழலாம். பெரியவன் பையன், பசங்களுக்கு கூட வருது, கூட கண்டும் பிடிக்கறாங்க. பொண்ணுங்ககிட்ட துறுதுறுப்பு வெளில தெரியாம கவனச்சிதறல் மட்டும் இருந்துட்டுப் போறதால வருஷக்கணக்கா யாரும் கவனிக்காம போறதும் உண்டு, அதுவும் அவளுக்கு 5 வயசுதான் ஆவுது. எல்லாத்துக்கும் மேல ரெண்டே ரெண்டு பிள்ளைங்கள வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, அதுக்குத்தான் அவங்க லட்சக்கணக்குல எடுக்கறாங்க.

சரியான பதில்தான். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சிக்கிட்டா இந்தப் பதில் போதல. 71ங்கற நம்பர்தான் கண்ணு முன்னாடி வருது.

11 ஜனவரி, அதிகாலை 2.20

இன்னொண்ணு இருக்கு, இது வீட்டுக்காரருக்குக் கூட தெரியாது. பெரியவன மொத தடவ காட்டப் போனப்ப ஒரு நீளமான ஃபார்ம் குடுத்தாங்க, எத்தனை வாரத்துல பொறந்தான், பொறந்தப்ப எடை, எப்ப நடந்தான், எப்ப பேசினான், அப்படியே வந்து "கர்ப்பத்துக்கு முன் தாயின் எடை". நான் 68ன்னு எழுதினேன். 84 இல்ல, 68. பக்கத்துல அவர் உக்காந்திருந்தாரு, அவருக்கு அப்ப என் எடை என்னன்னு ஞாபகமே இல்ல. எதுத்தாப்புல இருந்தவங்க நிமிந்து என்னப் பாத்துட்டு எழுதிக்கிட்டாங்க. அந்தப் பார்வைல எதாவது இருந்துச்சா, நானா நினைச்சுக்கிட்டேனா, இன்னும் தெரியல.

என் பிள்ளையோட ஃபைல்ல மொத பொய் நான் எழுதினது.

12 ஜனவரி, மாலை 5.00

நேத்து அத எழுதினதுக்கப்புறம் திரும்ப அந்த ஆய்வுகள எடுத்துப் பாத்தேன். 7ஆம் தேதி "கேஸ் முடிஞ்சுது"ன்னு எழுதினேனே, அது தப்பு. அவசரப்பட்டுட்டேன். திருத்திக்கறேன்.

கூடப்பொறந்தவங்கள ஒப்பிடற முறைக்கும் குறை உண்டு. ரெண்டு கர்ப்பத்துக்கும் நடுவுல அம்மாவோட எடைப் பிரிவே மாறியிருக்கணும், ஒரு பிள்ளைக்கு இருந்து இன்னொண்ணுக்கு இல்லாமலும் இருக்கணும், அந்த மாதிரி வீடுகள்தான் கணக்குல பேசும், அதனால லட்சத்துல ஆரம்பிச்சாலும் கடைசில கொஞ்சப் பேர்தான் மிஞ்சுவாங்க. அதுக்கு மேல, எடை தப்பாப் பதிவாகியிருந்தா இந்த முறைல அந்தத் தப்பு சாதாரண ஆய்வ விட பெரிசா உறைக்கும், நிஜமாவே ஒரு சின்ன தொடர்பு இருந்தாக் கூட அத அழிச்சிரும். ஸ்வீடன்லயே இந்த முறைய வெச்சு வேலை பண்றவங்க 2012லயே இத எழுதியிருக்காங்க.

எடை தப்பாப் பதிவானா. அத படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். நான் எழுதின 68 எந்த ஆய்வுலயும் போகல, தெரியும். ஆனா என்ன மாதிரி எத்தனை பேர் வெக்கப்பட்டு எடையக் குறைச்சு சொல்லியிருப்பாங்க? தாயப் பழிக்கற ஊர்ல தாய் நிஜத்த சொல்ல மாட்டா, அவ சொல்லலன்னா தாய் காரணமா இல்லையாங்கறதும் சரியாத் தெரிய வராது.

அதனால இப்ப நான் சொல்லக் கூடியது இவ்ளோதான். அந்தத் தொடர்புல பெரும்பகுதி எடையால வந்ததில்ல, குடும்பத்துல ஏற்கனவே இருக்கற வேற எதுவோ ரெண்டையும் சேத்துக் கொண்டுவருது. எடைக்கு ஒரு சின்னப் பங்கு இருக்கா இல்லையாங்கற கேள்வி இன்னும் திறந்துதான் இருக்கு. இத ஏத்துக்க எனக்கு கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா உனக்கு பாதிய மட்டும் சொல்லி அனுப்ப மனசு வரல.

14 ஜனவரி, காலை 7.05

"அப்ப உடம்புக்குள்ள எதுவுமே நடக்கலையா?"ன்னு ஒருத்தர். நடக்கலாம். எடை கூடின உடம்புல இன்சுலின், லெப்டின் (பசிய அடக்கற ஹார்மோன்) அளவு மாறுது, லேசான அழற்சி நிரந்தரமா இருக்கு, அது நஞ்சுக்கொடி வழியா பிள்ளையோட மூளை வளர்ச்சியத் தொடுமான்னு தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. அமெரிக்கால ஓரிகன்ல ஜப்பானிய மக்காக் குரங்குகளுக்கு கர்ப்பத்தப்ப கொழுப்பு அதிகமான தீனி குடுத்துப் பாத்தாங்க, குட்டிங்க கிட்ட பதட்டம் கூட இருந்துச்சு. குரங்கு வேற மனுஷன் வேற, பதட்டம் வேற ஏடிஹெச்டி வேற, தீனி வேற எடை வேற. ஆனா தள்ளிவிடக் கூடிய விஷயம் இல்ல.

15 ஜனவரி, காலை 10.30 (கேள்வி கேட்டவங்க)

அக்கா நீங்க எழுதினது எல்லாம் ரெண்டு தடவ படிச்சேன். அந்த ஃபார்ம் விஷயம் படிச்சு அழுதுட்டேன். அப்ப நான் வெயிட் குறைக்கவே வேண்டாமா?

15 ஜனவரி, மதியம் 2.45

ஐயோ அப்படி சொல்லல மா. குறைக்க முடிஞ்சா குறை, காரணம் மட்டும் வேற. எடை கூட இருந்தா கர்ப்பத்துல சுகர் வர்றது, பிபி ஏறி ப்ரீக்ளாம்ப்சியாங்கற ஆபத்தான சிக்கல் ஆகறது, சிசேரியன், குழந்தைக்கு முதுகுத்தண்டு நரம்புக்குழாய் சரியா மூடாமப் போறது, இதெல்லாம் கூடுதுங்கறது ஏடிஹெச்டி மாதிரி இழுபறி கிடையாது, நல்லா நிலைநாட்டப்பட்ட விஷயம். எனக்கே பெரியவனப்ப சுகர் வந்துச்சு, ஒரு நாளைக்கு நாலு தடவ விரல்ல குத்திக்கிட்டு இருந்தேன்.

ஆனா ரெண்டு வருஷம் தள்ளிப் போடறது பத்தி நல்லா யோசி. உனக்கு 34. 35க்கு மேல போகப் போக கருத்தரிக்கறதும் கஷ்டம், கருச்சிதைவும் கூடும், அதையும் தராசுல வை. பத்து கிலோ குறைஞ்சாத்தான்னு உக்காராத, உடம்புல அஞ்சு சதவீதம் குறைஞ்சாலே சுகர் பிபி எல்லாம் அசையும், உனக்கு எவ்ளோ நாள் எடுத்துக்கலாம்னு டாக்டர் கிட்ட உக்காந்து பேசு. ஃபோலிக் ஆசிட் இப்பவே ஆரம்பி, எல்லாருக்கும் சொல்றது தினம் 400 மைக்ரோகிராம், எடை கூட இருக்கறவங்களுக்கு அதைவிட கூட டோஸ் தர்றதும் உண்டு, அதையும் கேளு. கர்ப்பம் ஆனதுக்கப்புறம் பயத்துல பட்டினி மட்டும் கிடக்காத. பிஎம்ஐ 30க்கு மேல இருக்கறவங்களுக்கு முழு கர்ப்பத்துலயும் 5ல இருந்து 9 கிலோ வரைக்கும் ஏறலாம்னு 2009ல அமெரிக்காவோட இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் போட்ட கணக்கு. எனக்கு இத யாரும் சொல்லல, எட்டாம் மாசம் ராத்திரி சாப்பிடாமப் படுத்திருக்கேன்.

18 ஜனவரி, இரவு 12.10

12ஆம் தேதி "குடும்பத்துல ஏற்கனவே இருக்கற வேற எதுவோ"ன்னு எழுதிட்டு விட்டுட்டேன். அது என்னன்னு இப்ப எழுதணும், ஏன்னா அது என் வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்துச்சு.

ஏடிஹெச்டி வாரிசா வர்ற அளவு சுமார் 74 சதவீதம்னு இரட்டையர் ஆய்வுகள தொகுத்து சொல்றாங்க, உயரத்துக்கு கிட்டத்தட்ட சமம். (ஒரு பிள்ளைக்கு 74 பங்கு ஜீன், 26 பங்கு வளர்ப்புன்னு அர்த்தம் இல்ல, ஒரு கூட்டத்துல ஆளுக்கு ஆள் இருக்கற வித்தியாசத்துல எவ்ளோ ஜீனால வருதுங்கற கணக்கு.) 2019ல இருபதாயிரம் ஏடிஹெச்டி ஆளுங்களோட மரபணுவப் பாத்த பெரிய ஆய்வு ஒண்ணு வந்துச்சு, அதுல ஏடிஹெச்டிக்கு வழி விடற ஜீன் மாற்றங்கள்ல ஒரு பகுதி உடல் எடையக் கூட்டற மாற்றங்களோட பொருந்துது. 2016ல இன்னொரு தொகுப்பு, ஏழு லட்சத்துக்கு மேல ஆளுங்க, ஏடிஹெச்டி இருக்கற பெரியவங்கள்ல ஒபீசிட்டி (பிஎம்ஐ 30க்கு மேல போற உடல் பருமன்) 28 சதவீதம், இல்லாதவங்கள்ல 16.

அதாவது என்ன? ஒரு பொம்பளைக்கு சின்ன வயசுல இருந்தே ஏடிஹெச்டி, யாரும் கண்டுபிடிக்கல. நேரத்துக்கு சாப்பிட மறந்துருவா, ராத்திரி பசி அடங்காம கைக்கு கிடைச்சத சாப்பிடுவா, திட்டம் போட்டு ஒரு வாரம் நடப்பா எட்டாம் நாள் விட்டுருவா. எடை ஏறும். அவளுக்கு ஒரு பிள்ளை பொறந்து அவனுக்கும் ஏடிஹெச்டி வரும். வெளில இருந்து பாக்கறவங்களுக்கு எடைதான் கண்ணுல படும், ஜீன் கண்ணுல படாது. குண்டான அம்மா, துறுதுறு பிள்ளை, கோடு போட்டு சேத்துருவாங்க.

போன வருஷம் பெரியவனோட தெரபிஸ்ட் சும்மா ஒரு தாள் குடுத்தாங்க, பெரியவங்களுக்கான ஆறு கேள்வி, வேலைய கடைசில முடிக்காம விடுவீங்களா, அப்பாயின்ட்மென்ட் மறப்பீங்களா, யோசிக்க வேண்டிய வேலைய தள்ளிப் போடுவீங்களா, அப்படிப் போகும். நாலோ அதுக்கு மேலயோ விழுந்தா டாக்டரப் பாருங்கன்னு அர்த்தம். எனக்கு அஞ்சு விழுந்துச்சு. தாள மடிச்சு பைல வெச்சேன், எட்டு மாசம் எடுக்கவே இல்ல. அந்தத் தாள்ல தள்ளிப் போடற கேள்விக்கு அதுவே பதில்.

19 ஜனவரி, காலை 8.00

ராத்திரி எழுதினது கொஞ்சம் அடிச்சு சொன்ன மாதிரி இருக்கு. எனக்கு இருக்குன்னு எந்த டாக்டரும் இன்னும் சொல்லல, ஆறு கேள்வி ஒரு வடிகட்டி மட்டும்தான். எடை கூடின எல்லாருக்கும் ஏடிஹெச்டின்னும் யாரும் எடுத்துக்காதீங்க, ஏடிஹெச்டி இல்லாதவங்கள்லயும் நூத்துல 16 பேருக்கு ஒபீசிட்டி இருக்கு, ஏடிஹெச்டி இருக்கறவங்கள்ல நூத்துல 72 பேருக்கு ஒபீசிட்டி இல்லங்கறதும் அதே கணக்குதான்.

20 ஜனவரி, மாலை 6.30

விஷயத்த விட்டு கொஞ்சம் தள்ளிப் போறேன், ஆனா தூரமாப் போகல. கர்ப்பத்துல பாரசிட்டமால் போட்டா ஏடிஹெச்டின்னு எவ்ளோ பயமுறுத்தினாங்க. 2024ல ஸ்வீடன்ல 24 லட்சத்துக்கு மேல பிள்ளைங்கள எடுத்துப் பாத்தாங்க, பொதுவாப் பாத்தா லேசா ஒரு தொடர்பு, கூடப்பொறந்தவங்கள ஒப்பிட்டா தொடர்பே இல்ல. கர்ப்பத்துல புகை பிடிக்கற அம்மா, ஏடிஹெச்டி பிள்ளை, அதுலயும் 2014ல இதே மாதிரிதான் ஆச்சு (புகை வேற நூறு கெடுதல் பண்ணும், அத யாரும் பிடிக்க வேண்டாம்). திரும்பத் திரும்ப அம்மா பண்ண ஏதோ ஒண்ணு மொதல்ல மாட்டுது, அப்புறம் கிட்ட போய்ப் பாத்தா குடும்பம் முழுக்க அதுல இருக்கு.

இதுக்கு முன்னாடி ஆட்டிசத்துல நடந்தது இதைவிடக் கொடுமை. அம்மா பாசம் காட்டாம ஃப்ரிட்ஜ் மாதிரி ஜில்லுன்னு இருந்ததாலதான் பிள்ளைக்கு ஆட்டிசம்னு 1950, 60கள்ல பெரிய பெரிய ஆளுங்க சொன்னாங்க, புரூனோ பெட்டல்ஹைம்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் அத ஊரு முழுக்க பரப்பினாரு. 1964ல பெர்னார்ட் ரிம்லண்ட்னு ஒரு சைக்காலஜிஸ்ட், அவர் பையனுக்கே ஆட்டிசம், உக்காந்து ஒவ்வொண்ணா மறுத்து இது மூளை சம்பந்தப்பட்டதுன்னு எழுதினதுக்கப்புறம்தான் அது ஆட்டம் காண ஆரம்பிச்சுது. அதுக்குள்ள எத்தனை அம்மாங்க தன்னால்தான்னு நம்பியே செத்துப் போயிருப்பாங்க.

22 ஜனவரி, இரவு 9.40

பெரியவன் எப்படி இருக்கான்னு கேட்டவங்களுக்கு: நல்லா இருக்கான். பெற்றோர் பயிற்சின்னு வாரம் ஒரு நாள் போனோம், ஒரே மூச்சுல நாலு வேலை சொல்லாத, ஒண்ணு சொல்லு, முடிச்சதும் உடனே பாராட்டு, அப்புறம் அடுத்தது. கேக்க சாதாரணமா இருக்கு, என் தொண்டை தப்பிச்சதே அதாலதான். மருந்தும் எடுக்கறான், அதப் பத்தி எனக்கு ஒரு வெக்கமும் இல்ல.

நேத்து ஒரு ஷூவ மட்டும் எடுத்துட்டு வாடான்னு அனுப்பினேன். இருபது நிமிஷம் கழிச்சு வந்தான், கைல ஷூ இல்ல, ஆனா எறும்பு எப்படி தன்ன விட பெரிய துண்ட சுவத்துல ஏத்துதுன்னு எனக்கு முழு விளக்கம் குடுத்தான். உக்காந்து கேட்டேன். ஸ்கூலுக்கு லேட்டுதான்.

29 ஜனவரி, மாலை 7.15

இன்னைக்கு அவனுக்கு ரிவ்யூ. உள்ள போனதும் மொதல்ல டாக்டர் கிட்ட சொல்லிட்டேன், அந்த ஃபார்ம்ல என் எடை தப்பு, 68 இல்ல 84ன்னு. வீட்டுக்காரர் பக்கத்துலதான் இருந்தாரு. அவர் என் பக்கம் திரும்பினாரு, ஒண்ணும் பேசல, என் கைய மட்டும் பிடிச்சுக்கிட்டாரு. டாக்டர் கம்ப்யூட்டர்ல நம்பர மாத்திட்டு, இதால அவனோட வைத்தியத்துல ஒண்ணும் மாறாது மா, ஏன் மாத்தி எழுதினீங்கன்னு கேட்டாங்க. பயந்துட்டேன்னேன். நிறைய பேர் அப்படித்தான் எழுதறாங்கன்னாங்க.

அப்புறம் பைல இருந்து அந்த மடிச்ச தாள எடுத்துக் குடுத்தேன். பெரியவங்களப் பாக்கற டாக்டர் கிட்ட பிப்ரவரி 14க்கு தேதி வாங்கிக் குடுத்திருக்காங்க. மறக்காம இருக்க பெரியவன் காலண்டர்ல சிவப்பு பேனால வட்டம் போட்டிருக்கான், 14ஐயும் போட்டு பக்கத்துல இருக்கற 15ஐயும் சேத்து.